குறை யாருக்கு?

"குறை யாருக்காம்?" பிள்ளை இல்லாத வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். 'குறை' வசதியான சொல். உடம்பில் இல்லாததும் அதுதான், ஒருவர் மேல் சொல்கிற குற்றமும் அதுதான்.

தல்லாகுளத்தில் ஒரு லேபிலிருந்து மாமாவின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வந்தவன் நான். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருஷம் அது. அதற்குள் அவளுக்கு ஸ்கேன், தைராய்டு, கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் ஆகியிருந்தது. எக்ஸ்ரே எடுத்த அன்று ஆட்டோவில் சுருண்டு கிடந்தாள். ஆணுக்கு முதல் பரிசோதனை என்பது ஒரு டப்பா, அதற்குமுன் 2 முதல் 7 நாள் இடைவெளி, அவ்வளவுதான். ஊசிகூட இல்லை. ஆறு வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான்.

விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். டாக்டர் துருவிக் கேட்டபிறகு மாமா சொன்னார்: பதினெட்டு வயசில் பொன்னுக்கு வீங்கி வந்ததாம். வேப்பிலை அரைத்துப் பூசி, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டிருக்கிறார்கள். கன்னம் வற்றியதும் விதைகள் வீங்கியதை வெட்கத்தில் வீட்டில் சொல்லவில்லை. வயசுக்கு வந்த ஆண்களுக்கு அந்த நோய் அப்படி இறங்குவதுண்டு. இரண்டு பக்கமும் கெட்டு முழுசாக நின்றுபோவது அரிது. "அதுவா இருக்கலாம்" என்றார் டாக்டர். விதையிலிருந்தே ஊசியால் எடுத்துப் பார்க்க வழியிருக்கிறது என்றும் சொன்னார். மாமா மறுபடி அங்கே போகவே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "வீட்ல எனக்குன்னே இருக்கட்டும்டா. அவரு தாங்க மாட்டாரு."

தலையாட்டினேன். அப்புறம் அவள் மண்சோறு தின்றாள். வளைகாப்புகளில் ஓரமாக உட்கார்ந்தாள். மாமியாரோடு சேர்ந்து எங்கள் அம்மாவும் பேசியது. மாமா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

ரொம்ப நாள் இதை அன்பு என்றே நினைத்தேன். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' படித்தபோது அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. அந்த நாவலை எல்லாரும் 2015 சர்ச்சையோடு சேர்த்தே பேசுகிறோம். எனக்கு உறுத்தியது வேறு. காளிக்கும் பொன்னாவுக்கும் காரணம் தெரிய வழியே இல்லை. எங்கள் கையில் காகிதம் இருந்தது.

மாமாவின் உடம்பு மாமாவின் விஷயம். அதைக் காப்பது நியாயம். அதற்கு "எங்களுக்குள்ள இருக்கட்டும், கேக்காதீங்க" என்பது போதாதா? அவள் பெயரை எடுத்து ஏன் மூட வேண்டும்? அவளாகத்தானே கொடுத்தாள் என்பீர்கள். ஏற்கெனவே அவள் மேல் எழுதிவைத்திருந்ததைத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீர்க்கட்டி, குழாய் அடைப்பு, நம் ஊரில் கருப்பையைத் தாக்குகிற காசநோய், ஆண்களுக்கு விதைப்பை நரம்பு சுருட்டல்... காரணங்கள் இப்படித்தான் இருக்கின்றன. இதில் எதையும் யாரும் செய்யவில்லை, வந்தது. குழந்தைக்காக வருகிற தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. சிலருக்கு இரண்டு ரிப்போர்ட்டும் சுத்தமாக இருக்கும், பிள்ளை மட்டும் இருக்காது. அங்கே குறை யாருக்காம்?

போன சித்திரையில் அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நின்றிருந்தோம். அம்மாகிட்ட இப்பவாவது சொல்லட்டுமா என்றேன். அக்கா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா அம்மா அவரப் பேச ஆரம்பிச்சிரும். ஆளுதான்டா மாறும்" என்றாள்.

இதை எழுதி இருவருக்கும் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றாள் அக்கா. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"பதினெட்டு இல்ல மாப்ள, பத்தொன்பது" என்றார்.