வீடு தேடிப் போன மருத்துவர்

1910-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஈய நஞ்சு பற்றி ஆராயப் புறப்பட்டபோது டாக்டர் ஆலிஸ் ஹாமில்டனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி ஒருவர் ஈய நஞ்சேறி மருத்துவமனையில் கிடந்தார். ஆலையில் காட்டிய இடத்திலோ ஈயம் இல்லை. அத்தோடு அறிக்கையை முடித்திருக்கலாம். அவர் அந்தத் தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனார். உண்மையான பூச்சு வேலை வேறோர் இடத்தில் நடப்பது அங்கேதான் தெரிந்தது. தணலாய்ச் சிவந்த தொட்டியின்மேல் எனாமல் தூளைத் தூவுவார்களாம். பறக்கும் தூள் மூச்சோடு உள்ளே போகும். தூளைச் சோதித்தால், ஈயம்!

விதிமுறைகளைப் படித்துத் தேர்வெழுதிவிடலாம். வேலை செய்பவரின் வாசலில் நின்று கேட்கும் இந்தப் பழக்கம் படிப்பில் வராது. தொழிற்பாதுகாப்புத் துறைக்கு வரும் நம் பெண்கள் ஹாமில்டனிடம் முதலில் கற்க வேண்டியது இதுவே என்பேன்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரானார். ஆசிரியர் மன்றத்துக்குள் மட்டும் அவருக்கு அனுமதியில்லை. பதவி உயர்வே இல்லாமல் 1935-இல் ஓய்வுபெற்றார். இடையே 1925-இல், பெட்ரோலில் ஈயம் கலப்பதை வெளிப்படையாக எதிர்த்து வாதாடினார்.