சிவப்பு விளக்கில் கணக்கு

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் எங்களிடையே குளிர் தொடங்கினால் ஒரே பேச்சுத்தான். கைபிடிக்குச் சூடேற்றி பூட்டலாமா? ரெலிபோனுக்குச் சார்ஜ் எடுக்கலாமா? இரண்டையும் பற்றரி தாங்குமா? பாரிஸில் ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் நிற்கும் நாங்கள் பின்னேரமானால் ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு வீதிக்கு இறங்குகிறோம். பௌதிகவியலைப் பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களும் எங்களுள் உண்டு என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. தேடிப் போனால் அது மின்சாரத்தோடு நிற்கவில்லை. ஒருவர் தருகிறார் என்பதற்காக அவரிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியில் கொண்டுபோய் விட்டது.

முதலில் மின்சாரம். எல்லாவற்றுக்கும் பற்றரிதான் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். என்ஜின் ஓடும்போது கொடுப்பது அல்ரனேற்றர். பற்றரி வெறும் சேமிப்பு. ஸ்ராட் பண்ணவும், வரவு குறைந்த நேரத்தில் கைகொடுக்கவும் இருப்பது. ஒரு 125 சிசி வண்டியின் அல்ரனேற்றர் 150 வாற் என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்கு 35 வாற் (இங்கே பகலிலும் அது எரியவேண்டும்), பின்விளக்கு 5, தீப்பொறிக்கும் பெற்றோல் பம்புக்குமாக ஒரு 45. ஆக 85. இதிலே கைவைத்தால் வண்டியே இல்லை. அதற்குமேல் கைபிடிச் சூடு 35, ரெலிபோன் 10. மொத்தம் 130. இன்னும் 20 வாற் மிச்சம். கணக்குச் சரி, பூட்டலாம்.

ஆனால் அந்த 150 வாற், என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும்போது கிடைப்பது. நின்றநிலையில், 1500 சுற்றில், அதில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம். வெள்ளிக்கிழமை இரவு லா ஷப்பலிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியோடு புறப்படுகிறவர் எத்தனை சுற்றில் வாழ்கிறார்? சிவப்பு விளக்கில், பஸ்ஸுக்குப் பின்னால், பிரேக்கைப் பிடித்தபடி. பிரேக் விளக்குக்கு வேறு 21 வாற். செலவு 151, வரவு 75. துண்டுவிழும் 76 வாற்றைப் பற்றரி கட்டுகிறது. ஏறக்குறைய 6 அம்பியர். இந்த வகை வண்டியின் பற்றரியோ 6 அம்பியர்-மணிதான். ஒரு நிமிடம் நின்ற கடனை அந்த 20 வாற் மிச்சத்தால் அடைக்க நாலு நிமிடம் 5000 சுற்றில் ஓடவேண்டும். பாரிஸுக்குள் அதற்கு வீதி எங்கே?

பியூஸ் காப்பாற்றும் என்பது இன்னொரு நம்பிக்கை. பியூஸ் காப்பது வயரை. கைபிடிக்கு ஒரு பியூஸ், ரெலிபோனுக்கு ஒரு பியூஸ். ஒவ்வொன்றும் தன் அளவுக்குள்தான் இழுக்கிறது, ஒன்றும் எரியாது. கூட்டுத்தொகைக்குத்தான் காவலாள் இல்லை. வண்டியும் பெரும்பாலும் அன்றிரவு நிற்பதில்லை. வீடுவரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அடுத்தநாள் சுவிச்சை அமத்தும்போது ‘டிக்’ என்ற ஒரு சத்தத்தோடு சரி. அடிக்கடி இப்படி வெறுமையான ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

பீற்றர் சிங்கர் என்ற தத்துவ ஆசிரியர், கிழக்கு வங்காளத்தில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த 1971இல் எழுதி 1972இல் வெளிவந்த கட்டுரையொன்று உண்டு. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உங்கள் உடுப்புச் சேறாகும், அவ்வளவுதான், இறங்காமல் போகலாமா? ஒப்பான பெறுமதியுள்ள எதையும் இழக்காமல் ஒரு தீங்கைத் தடுக்க முடியுமென்றால் தடுத்தே ஆகவேண்டும் என்பது அவருடைய வாதம். எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பும் அந்தக் குளக்கரைதான். தங்கச்சியின் படிப்பு, ஒழுகும் கூரை, மாமாவின் ஒப்பரேசன், மச்சானின் ஏஜென்சிக் காசு. தனித்தனியே எடுத்தால் எல்லாம் நியாயம், எல்லாம் அளவுக்குள். ‘முடியுமென்றால்’ என்ற அந்தச் சொல்லை எத்தனையாவது சுற்றில் நின்று அளப்பது என்பதே எங்கள் சிக்கல்.

1990இலிருந்து ஐந்து வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை, பற்றரிக்கும் தடை. அப்போது நாங்கள் குழந்தைகள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதையை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். டைனமோவின் விதி எளிது: இழுவை கூடினால் பெடல் இறுகும். சுற்றுகிற கையும் செய்தி கேட்கிற காதும் ஒரே திண்ணையில் இருந்தன. சுற்றுகிறவருக்கு இளைத்தால் கேட்கிறவருக்குத் தெரியும், எழும்பி வந்து அவர் சுற்றுவார். மோட்டார் சைக்கிளில் கைபிடிச் சூட்டைப் போடும்போது விரலில் எந்த இறுக்கமும் படுவதில்லை. ரெலிபோனில் காசு கேட்பதும் அப்படித்தான். கேட்பவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் கையில் பெடல் இல்லை.

“தன்னலத்துக்குப் பௌதிகத்தைச் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்” என்று குசினியில் ஒரு நண்பர் சொன்னார். நியாயமான குத்து. அதே பௌதிகம் அவர் பக்கமும் பேசும். இத்தகைய வண்டிகள் பலவற்றில் அல்ரனேற்றரின் காந்தம் நிரந்தரமானது. தேவையோ இல்லையோ சுற்றுக்கு ஏற்ப உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மிஞ்சுவதை ரெகுலேற்றர் வெறும் சூடாக்கித் தள்ளிவிடும். கொடுக்காமல் வைத்திருந்தால் சேர்ந்துவிடும் என்பதற்கு இங்கே இடமில்லை. மிச்சம் உள்ளவர் கொடுப்பதால் அவருக்கு ஒரு குறைவுமில்லை. ஆனால் அந்த மிச்சத்தை நின்றநிலையில் அளந்து காட்டட்டும் என்கிறோம்.

எது அவசியம், எது ஆடம்பரம் என்பதையும் வெளியில் நின்று பிரிக்க முடியாது. ஊரில் கைபிடிச் சூடு என்று சொன்னால் சிரிப்பார்கள். தை மாதம், பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை, ஈரக் கையுறை. பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும், பிரேக் எங்கே என்று தெரியாது. அப்போது அந்த 35 வாற் பிரேக்கின் ஒரு பகுதி. கிழமையில் ஒருநாள் லீவு எடுத்து நித்திரை கொள்கிறவரையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

செய்யக்கூடியவை சிறியவை. எல்.ஈ.டி. பின்விளக்கும் பிரேக் விளக்கும் போட்டால் இருபது வாற் வரை மிஞ்சும். பூட்டும் சாமான்களை ஒரு ரிலே வழியாக, திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் போகும்படி இணைக்கலாம். சிவப்பு விளக்கில் கைபிடியை நிறுத்தலாம், சூடு சற்று நேரம் நிற்கும். முக்கியமாக, எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வண்டியை நின்றநிலையில் ஓடவிட்டு, பற்றரி முனைகளில் வோல்ற்மீற்றரை வைத்துப் பாருங்கள். பதின்மூன்றரை என்றால் வரவு. பன்னிரண்டரைக்கு இறங்கினால் பற்றரி கட்டிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குப் போகும் புகைப்படங்களில் ஈபிள் கோபுரமும் புதுச் சப்பாத்தும் இருக்கும். அவை பொய்யல்ல, 5000 சுற்றில் எடுத்தவை. எங்களுள் ஒருவர் போன மாதம் தமக்கைக்குப் படம் அனுப்பவில்லை. வாடகை, ரயில் காட், சீட்டு, கடன், தை மாதத்தில் வேலை இல்லாத இரண்டு கிழமை எல்லாவற்றையும் ஒரு கொப்பித் தாளில் எழுதி, கீழே கூட்டி, அதைப் படம்பிடித்து அனுப்பினார். தமக்கை பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.