பழைய சலவை இயந்திரமும் நமது உபதேசமும்



சென்ற மழைக்காலத்தில், தாராவியில் ஓர் இல்லத்தில் கூடியிருந்தபோது, உள்ளதைக் கொண்டு மனநிறைவு எய்துதல் பற்றி நாம் உரையாற்றினோம். கூட்டம் கலைந்தபின் இளைஞர் ஒருவர் அணுகி, “ஐயா, எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் பழையதாகிவிட்டது. புதிது வாங்குவதாக இருந்தேன், இனி வேண்டாமென்று தீர்மானித்துவிட்டேன்” என்றார். நமக்கு உள்ளம் குளிர்ந்தது. சொற்பொழிவு செய்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

பத்து நாள் கழித்து அவரது இல்லத்துக்குச் சென்றோம். பதினைந்து ஆண்டுகள் உழைத்த இரட்டைத் தொட்டி இயந்திரம் மூலையில் நின்றது. துவைக்கும் தொட்டி ஓடியது. பிழியும் தொட்டி நின்று இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அறுபதைக் கடந்த அவரது அன்னையார், நனைந்த போர்வையின் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, மறுமுனையை இரு கைகளாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. நம்மைக் கண்டதும் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நமது உபதேசத்தின் பயனை அங்கே கண்டோம்.

பழையதைப் போற்றுவது நம் நெறிக்குப் புதிதன்று. தேவியர் ஐந்நூறு சீவரங்களை ஆனந்த தேரருக்கு வழங்கியதை அறிந்த உதயண மன்னன், இத்தனை ஆடைகளைக் கொண்டு என் செய்வீர் என வினவியதும், பழஞ்சீவரம் விரிப்பாகி, பின்னர் கால்துடைக்கும் துணியாகி, முடிவில் மண்ணோடு குழைத்துப் பூசப்படும் என்று தேரர் விளக்கியதும் விநயபிடகம் கூறும் வரலாறு. இதனை நாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறோம். சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. ஒரு பிக்ஷு தன் பழஞ்சீவரத்தை உறவினரல்லாத பிக்ஷுணியைக் கொண்டு துவைப்பித்தலாகாது என்ற விதியும் அதே பிடகத்தில்தான் இருக்கிறது. துணியைச் சேமிக்கும் புண்ணியம் ஒருவருக்கு, துவைக்கும் பாரம் மற்றொருவருக்கு என்று பிரிப்பதை அவ்விதி தடுக்கிறது. அன்னை உறவினர்தாமே என்று வாதிக்கும் கெட்டிக்காரரும் இருக்கக்கூடும். அவரோடு வாதாட நமக்கு நேரமில்லை.

அவ்விளைஞர் பழையதைக் காக்கவுமில்லை, புதியதை வாங்கவுமில்லை. பழுதைப் பழுதாகவே விட்டுவைத்து, அதற்கு மனநிறைவு என்று பெயரிட்டார். பெயரைக் கொடுத்தவர்கள் நாம்.

ஆலையில் ரிங் பிரேம்களுக்கிடையே பதினெட்டு ஆண்டுகள் நின்றவர்கள் நாம். பேரிங் தேயும்போது இயந்திரம் முன்கூட்டியே முனகும். அப்போதே எண்ணெயும் கையும் பட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பிழியும் தொட்டியின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தேய்ந்து, நீர் சொட்டுச்சொட்டாய் மோட்டாரில் இறங்கியிருந்தது. தொடக்கத்திலேயே சீலை மாற்றியிருந்தால் சொற்பச் செலவு. இப்போது மோட்டாரும் போயிற்று. எனினும் உடலும் தொட்டியும் நன்றாக இருந்தன. இவ்வகை இயந்திரத்துக்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது. தற்கால இயந்திரங்கள் சிலவற்றில் டிரம்மைச் சுற்றிய தொட்டியைப் பிரிக்க முடியாதவாறு ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் ஒன்று போனால் தொட்டி முழுவதையுமே மாற்றவேண்டும். அது வாங்குபவரின் குற்றமன்று.

புதியது வாங்கினால் பழையது எங்கே போகும் என்பதும் கேட்கத்தக்கதே. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பயன் முடிந்த சாதனங்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாகக் கழிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. ஆனால் நமது சந்தில் அது காயலான் கடைக்குத்தான் போகிறது. செம்புக்காகக் கம்பியை எரிப்பவரின் மூச்சில் அந்தப் பிளாஸ்டிக் புகை இறங்குகிறது. எரிப்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழையின் பிள்ளை.

இவ்வளவும் எண்ணியபின், அதுவரை யாரும் கேட்டிராதவரைக் கேட்டோம். அன்னையார் சொன்னார்: “புதிது வேண்டாம் ஐயா. இங்கே காலையில் இரண்டு மணி நேரந்தான் தண்ணீர். தானாகவே ஓடும் பெட்டிக்குக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரவேண்டுமாமே! இதில் வாளியால் ஊற்றலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே சாயத்துணியையும் போடலாம். பிழிவது மட்டும் நடந்தால் போதும்.”

நாம் பரிந்துரைக்க இருந்ததோ புதிய இயந்திரம்! வாயை மூடிக்கொண்டோம்.

ஆலையில் நம்மோடு பிட்டராக இருந்த நண்பர் மோட்டாரும் சீலும் மாற்ற 1,900 ரூபாய் ஆகும் என்றார். மகன் ஒப்புக்கொண்டார். மோட்டார் வந்து சேர ஐந்து நாட்களாகும். அதுவரை துணி பிழிவது மகனது வேலை என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் படுக்கைவிரிப்பு நாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் நமது தொலைபேசி ஒலித்தது. மோட்டார் எப்போது வரும் என்று அவர் கேட்டார்.