பேரிங் மாற்றிய வாரம்

வாஷிங் மெஷினில் பேரிங் போய்விட்டால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. துவைக்கும்போது லேசாகக் கரகரக்கும். பிழிவதற்காக வேகமெடுத்துச் சுற்றும்போது ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பது போல இருக்கும். நாமும் பழகிக்கொள்வோம். டிவி சத்தத்தைக் கூட்டுவோம். மெஷின் ஓடும் நேரத்தில் யாருக்கும் போன் போட மாட்டோம். பத்து வயதைத் தாண்டிய எங்கள் மெஷின், முன்பக்கம் கதவு வைத்த ரகம், பல மாதம் இப்படியே ஓடியது.

"ஓடுன வரைக்கும் லாபம். எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டுப் புதுசு வாங்கிரலாம்" என்றார் வீட்டுக்காரர். வேண்டாம், சரி பண்ணுவோம் என்றேன். சிக்கனம், பூமியைக் காப்பது என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. கோவையில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே கணபதியில் வளர்ந்தவளுக்கு ஒரு பேரிங்குக்காக முழு மெஷினையும் தூக்கிக் கொடுக்க மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். ரூபாய்க் கணக்கும் என் பக்கம்தான் இருந்தது. பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரம். புது மெஷின் 25,000 ரூபாய்க்கு மேல். இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஊரெல்லாம் ஏன் மெஷினை மாற்றுகிறார்கள் என்பது அந்த வாரம்தான் புரிந்தது. கணக்கில் நேரத்தை யாரும் எழுதுவதில்லை.

மெஷினின் உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. துணி சுற்றும் எவர்சில்வர் டிரம்முக்குப் பின்னால் மூன்று கை விரித்த ஓர் அலுமினிய வார்ப்பு, ஸ்பைடர் என்பார்கள். அதன் நடுவிலிருந்து ஷாஃப்ட் நீண்டு, தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டியின் முதுகைத் துளைத்து வெளியே வந்து, பெல்ட் ஓடும் புல்லியில் முடிகிறது. துளைக்கிற இடத்தில் அதைத் தாங்க இரண்டு பேரிங். டிரம்முக்கு முன்பக்கம் எந்தப் பிடிமானமும் கிடையாது. ஈரத்துணியின் பாரம் முழுவதையும் பின்னாலிருந்தே இவை ஏந்த வேண்டும். அரை மீட்டர் அகல டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால், ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணியை அதன் எடையைப் போல் கிட்டத்தட்ட 400 மடங்கு விசை சுவரோடு அழுத்தும். துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் அதன் உதறல் முழுவதும் பேரிங்கில்தான் போய் இறங்கும்.

ஆனாலும் வீட்டு மெஷினில் பேரிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் பாரமல்ல, தண்ணீர். உள் பேரிங்குக்கும் தொட்டிக்கும் நடுவே ரப்பர் உதடு வைத்த ஓர் ஆயில் சீல் இருக்கிறது. எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பும் சோப்புத்தூளும் வருடக்கணக்கில் உரசி அந்த உதட்டைத் தேய்த்துவிடும். அப்போது எந்தச் சத்தமும் வராது. கசிகிற தண்ணீர் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய், குண்டுகளில் துரு ஏறிய பிறகே நம் காதுக்கு எட்டும்.

பேரிங் வாங்குவது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. கழற்றியவற்றின் மேல் 6205, 6206 என்று பொறித்திருந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும்: 25 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி மெஷின், எந்த வருட மாடல் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். இதே எண் பம்புசெட் மோட்டாரிலும் இருக்கும். அவ்வளவு நுட்பமாகத் தேய்த்தெடுத்த குண்டுகளுக்கு விலை சில நூறு ரூபாய்.

பேரிங் சரித்திரத்திலும் ஒரு துணி ஆலை இருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஆலை இன்ஜினியராக இருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். களிமண் தரை அசைய அசைய, ஆலையின் நீளமான ஷாஃப்ட்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகள் வீணாகி வேலை நின்றுகொண்டே இருந்தது. ஷாஃப்ட் சாய்ந்தால் தானும் ஒத்துச் சாயும் பேரிங்கை 1907இல் வடிவமைத்தார். எஸ்கேஎஃப் கம்பெனி பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆலை நின்றால் எத்தனை மணி நேரம், எவ்வளவு நஷ்டம் என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. வீட்டு மெஷின் நின்றால்?

பேரிங் கிடைத்தும், அந்த ஆயில் சீல் கிடைக்காமல்தான் எங்கள் வாரம் நீண்டது. பேரிங்குக்கு உள்ள பொது அளவு ஒழுக்கம் சீலுக்கு இல்லை. மாடலுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். அளவை எழுதி எடுத்துக்கொண்டு மெக்கானிக் தம்பி கடை கடையாக அலைந்தார். அதுவரை தொட்டி பால்கனியில் கிடந்தது. புதுப் பேரிங்குகள் பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசருக்குள் இருந்தன. குளிரில் கொஞ்சம் சுருங்கினால் இருப்பிடத்தில் வம்பில்லாமல் இறங்கும். இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து, ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு புதுப் பேரிங்கும் சீக்கிரமே பாடத் தொடங்கும்.

இந்த இடத்தில், கல்லில் துவைத்தேன், பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன என்று எழுதுவது வழக்கம். எனக்கு வந்தது முதுகுவலி. ஸ்கூல் யூனிஃபார்ம், பெட்ஷீட், தோசைமாவு பட்ட துண்டு எல்லாம் குவிந்தன. என் மாமியாரிடம் மட்டும் கொஞ்சம் புலம்பினேன். "வாய்க்கால்ல துவைச்சவ நானு. எனக்கு அந்தக் கல்லு மேல ஒரு பாசமும் இல்ல" என்றார். பழையதைத் தூக்கிப்போடாமல் வைத்துக்கொள்வதைப் பெருமையாகப் பேசுகிற பல வீடுகளை எனக்குத் தெரியும். சரி பண்ணிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஒருவர் ஆபீஸ் போய்விடுவார்; சரியாகும் வரை வாளியோடு நிற்பது இன்னொருவர். சிக்கனக்காரர் என்ற பெயர் முன்னவருக்குப் போகும். எங்கள் வீட்டில் முடிவெடுத்தவளும் துவைத்தவளும் நானே என்பதால் இதை உரிமையோடு சொல்கிறேன். பெட்ஷீட்டுகளை மட்டும் வீட்டுக்காரர் பிழிந்து கொடுத்தார். இரண்டாவது பெட்ஷீட்டிலேயே புது மெஷின் பேச்சு மறுபடி வந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

சரி பண்ணுவதா மாற்றுவதா என்பதில் பாதி முடிவு அந்த வாரத்துக்கு முன்பே எங்கோ எடுக்கப்பட்டிருந்தது. தொட்டியை வெளியே எடுத்ததும் தம்பி அதன் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "ஸ்க்ரூதானுங்க்கா, தப்பிச்சோம்" என்றார். இப்போது பல மெஷின்களில் தொட்டியின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்களாம். பேரிங் போனால் தொட்டி, டிரம், ஸ்பைடர் என்று மொத்தக் கட்டையும் மாற்ற வேண்டும். ஒட்டினால் கசிவுக்கு இடம் குறையும், ஸ்க்ரூ முடுக்கும் நேரம் ஃபேக்டரியில் மிச்சமாகும். மிச்சமாகட்டும். ஆனால் அங்கே மிச்சப்படுத்திய நிமிடம் பத்து வருடம் கழித்து நாள்கணக்கில் என் பால்கனிக்கு வந்து சேர்கிறது. இந்தத் தலைமுறைக்குத் தூக்கிப்போட மட்டும்தான் தெரியும் என்று யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஒட்டிய தொட்டியை வைத்துக்கொண்டு எந்தத் தலைமுறைதான் என்ன செய்துவிடும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில், 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு வாஷிங் மெஷின் மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றும் பட்டியலில் உண்டு. ஆனால் தனித்தனியாகவும் தரலாம், ஒரே கட்டாகச் சேர்த்தும் தரலாம். அந்த ஒரு சலுகையில் பேரிங் மறுபடி டிரம் விலைக்குப் போய்விடுகிறது. நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகளின் கையேடுகளையும் சர்வீஸ் விவரங்களையும் ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். நல்ல காரியம்தான், ஒட்டிய தொட்டியை அது பிரித்துத் தராது.

எல்லாம் பூட்டி முடித்து, காலி டிரம்மைக் கையால் சுழற்றிவிட்டார் தம்பி. சத்தமே இல்லை. கூலி என்ன என்று கேட்டேன். இரண்டு மதிய வேளையை விழுங்கிய வேலை, சீலுக்கு அலைந்தது தனி. அவர் சொன்ன தொகை எனக்குக் குறைவாகப் பட்டது. ஏன் இவ்வளவுதான் என்றதற்கு, "பார்ட்ஸே இவ்வளவுதானுங்க்கா. கூலி அதுக்கு மேல ரொம்பக் கேட்டா நல்லா இருக்காது" என்றார். ஃபேக்டரியில் லட்சக்கணக்கில் செய்து மலிந்த பொருள், அதை மாற்றத் தெரிந்த கையின் விலையையும் கீழே இழுக்கிறது. சர்வீஸ் தொழிலை விட்டு டெலிவரி வேலைக்குப் போய்விட்ட தன் கூட்டாளிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன், வாங்கத் தயங்கினார்.

போகும் முன் போனில் எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். ஸ்பைடர் கைகளில் அலுமினியம் அம்மைத் தழும்பு விழுந்தது போலப் பொரிந்திருந்தது. "இன்னும் ஓடும்ங்க்கா. இது ஒடஞ்சா மட்டும் பாத்துக்கலாம்." ஒடிந்தால் நான் வாதாடப் போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அடுத்த மெஷின் ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. இப்போதே விசாரித்து வைப்போம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனேன். 1,400 சுற்று, வைஃபை, நீராவித் துவைப்பு என்று விற்பனைப் பெண் அழகாக விளக்கினாள். தொட்டி ஸ்க்ரூவா, ஒட்டினதா என்று கேட்டதும் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் யாருக்கோ போன் போட்டார். கேட்டுச் சொல்கிறோம் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆஃபர் மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது.