மூல ஓலை எங்கே?

திட்டக்குடி சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிரயத்துக்குக் காத்திருப்பவர்களை, 2025 ஏப்ரலில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். விற்பவருக்கு நிலத்தில் உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்றது அது. மூலப்பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழகப் பதிவு விதி 55-ஏ அதில் அடிபட்டது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022-இல் வழிவிட்ட 77-ஏ பிரிவை அதற்கு முன்பே சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியிருந்தது. சட்டமன்றம் புதிதாக எதைக் கொண்டுவந்தாலும், வாங்குபவருக்கு முதல் காவல் பத்திரம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரே. கட்சிக்காரர் கேட்க விரும்பாததையும் அவர் சொல்லியாக வேண்டுமா? கிரயமே முறிந்தாலும் சொல்லியாக வேண்டும்.

வெலிங்டன் ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கர் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. முப்பதாண்டு வில்லங்கச் சான்றிலும் ஒன்றுமில்லை. அவசரக்காரர் அத்தோடு கையெழுத்துப் போட்டுவிடுவார். பழுத்த வழக்கறிஞரோ, "உங்க அப்பாவுக்குப் பொம்பளைப் பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று ஆரம்பிப்பார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டென்று தமிழகம் 1989-லேயே சட்டம் செய்தது. ஆனாலும் சகோதரிகளின் கையெழுத்தில்லாத பாகப்பிரிவினைகள் ஊருக்கு ஊர் உண்டு. மைனர் சொத்து விற்கப்பட்டிருந்தால் நீதிமன்ற அனுமதி எங்கே என்பார். பதிவாகாத உயிலும் மறைக்கப்பட்ட வாரிசும் வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது, பட்டா மட்டுமே உரிமை ஆகாது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். அந்தக் கேள்விகளுக்குத்தான் கட்டணம்.

நம் முன்னோர் இதில் கண்டிப்பானவர்கள். சுந்தரர் தமக்கு அடிமை என்று ஒரு கிழவர் ஓலை காட்டினார். சுந்தரர் கிழித்தது அதன் படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவர் நீட்டியது மூல ஓலை. அதிலிருந்த சுந்தரரின் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பிறகே அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்காடியவர் சிவபெருமான் என்பதால் சரிபார்ப்பு தளரவில்லை. அதே சுந்தரர் நம் பக்கத்து முதுகுன்றத்தில் (விருத்தாசலம்) இறைவன் தந்த பொன்னை மணிமுத்தாற்றில் இடுமுன் அதில் மச்சம், அதாவது மாதிரித் துண்டு, வெட்டி வைத்துக்கொண்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பிய பாண்டியனின் கதி சிலப்பதிகாரம் அறிந்தவர்க்குத் தெரியும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமும் வாய்மைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கியது அலங்காரத்துக்கா?

கட்சிக்காரரின் ரகசியம் காப்பதும் வழக்கறிஞரின் கடமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ரகசியம் காப்பது வேறு, ஓட்டைப் பத்திரத்துக்கு "சரியாக இருக்கிறது" என்று சட்டக் கருத்து எழுதிக்கொடுப்பது வேறு. தவறான கருத்து தந்த வங்கி வழக்கறிஞர், மோசடியில் உடந்தையாக இருந்தாலொழியக் குற்றவாளி ஆகமாட்டார் என்று உச்சநீதிமன்றம் 2012-இல் சொன்னது. நுகர்வோர் சட்டமும் வழக்கறிஞரைத் தொடாது என்றது 2024-இல். சட்டம் இவ்வளவு தூரம் விலகி நிற்கும்போது மனசாட்சி அந்த இடத்தில் நின்றாக வேண்டாமா? கறுப்பு அங்கி அணிந்தவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

வாங்குபவர்களும் யோசிக்க வேண்டும். முத்திரைக்கும் பதிவுக்குமாக நூற்றுக்கு 9 ரூபாயை முணுமுணுக்காமல் கட்டுகிறோம். மூலப்பத்திரம் பார்க்கிறவரிடம் மட்டும் பேரம் பேசி, கடைசியில் புரோக்கர் கூட்டிவரும் வக்கீலே போதும் என்றாகிவிடுகிறது. அந்தப் புரோக்கருக்கோ கிரயம் முடிந்தால்தான் கமிஷன்.