பாட்டும் பாயிரமும்



திருக்கோயிலும் இசையும் நம் சமயத்திலே உடலும் உயிரும் போல ஒன்றியிருப்பன. ஆகலின், பாடுவோன் எவர்க்குக் கடமைப்பட்டவன் என்னும் வினா இசைவல்லார்க்கு மாத்திரம் உரியதன்று. சைவ நன்மக்கள் யாவரும் சிந்தித்தற்கு உரியது. சபையார் விரும்புவதனையே அவன் பாடுதல் வேண்டுமோ? அன்றித் தன் உள்ளத்தே தோன்றியதனைச் சபையார் விரும்பாவிடினும் பாடலாமோ? இதனை ஒரு சரித்திரங் கொண்டு ஆராய்வாம்.

நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்திலே பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் பிரமசாரியாகவே வாழ்ந்து, 1896-ஆம் ஆண்டிலே சிவபதம் எய்தினார். அவர் இயற்றியவற்றுள் தலைசிறந்தது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. நந்தனாராகிய திருநாளைப்போவார் நாயனாரது வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் 37 திருவிருத்தங்களிலே அருளிச்செய்தனர். அங்கே நாயனாரைத் தில்லைக்குப் போகவொட்டாது தடுத்தது, தம் பிறப்பை நினைந்து அவர் கொண்ட அச்சமேயாம். தடுக்கும் ஆண்டை ஒருவர் அங்கே இல்லை. பாரதியாரோ வேதியராகிய ஆண்டை ஒருவரைப் படைத்து, 40 வேலி நிலத்திலும் பயிர்த்தொழிலை முடித்த பின்னரே சிதம்பரம் போகலாம் என்று அவர் வாயிலாகச் சொல்லுவித்தார். இறைவன் திருவருளால் ஓரிரவிலே பயிர் விளைந்தது கண்டு, அவ்வேதியர் தம் அடிமையையே வணங்கினார் என்றும் பாடினார். தாமும் வேதியர் குலத்தவராயிருந்தும், தம் குலத்தார் மனம் கூசுமே என்று அவர் இதனை மறைத்தாரல்லர்.

கீர்த்தனை நாடெங்கும் பரவிற்று. எனினும் புலவர் உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. அக்காலத்திலே ஒரு நூல் மதிப்புப் பெறுதற்குப் பெரும்புலவரது சிறப்புப்பாயிரம் வேண்டியிருந்தது. பாரதியார் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடுத்துப் பாயிரம் வேண்டினார். கீர்த்தனையிலே இலக்கண வழுக்கள் இருந்தமையாற் பிள்ளையவர்கள் மனம் இசையாது நாள் கடத்தினார்கள். பாரதியார் பலமுறை வந்து வந்து மீண்டார்.

ஒருநாள் பிள்ளையவர்கள் வீட்டினுள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்த வேளையிலே, பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனையைத் தாமே பாடலாயினார். அவ்விசையும் அதனுள் நின்ற பக்தியும் உள்ளிருந்தவர் நெஞ்சை உருக்கின. இத்தகையவரை அலையவைத்தோமே என்று இரங்கிய பிள்ளையவர்கள் பாயிரம் அளித்தார்கள். இச்செய்தியைப் பிள்ளையவர்களின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கின்றார்.

அன்பர்களே, இங்கே இருவர் பெருமையும் நோக்கற்பாலன. பாரதியார் பாயிரத்தின்பொருட்டுத் தம் பாட்டை மாற்றினாரல்லர், மறுத்தவரைப் பழித்தாருமல்லர், பாடினார், அவ்வளவே. பிள்ளையவர்களும் வழுவை வழுவன்று என்று சொன்னாரல்லர். தம் இலக்கண அறிவைக் கைவிட்டாருமல்லர். ஆயினும், ஏட்டிலே கண்ட குற்றத்தினும் காதிலே கேட்ட அன்பு பெரிது என்று உணர்ந்தார்கள். கேட்ட பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர்கள் நாணவில்லை.

அற்றேல், கலைஞன் எதனையும் தன் விருப்பப்படி செய்யலாமோ எனின், அதுவுமன்று. சபைக்கு அடிமையாதலின் நீங்கி, தன் ஆணவத்துக்கு அடிமையாவோன் ஆண்டையை மாற்றிக்கொண்டானேயன்றி விடுதலை பெற்றானல்லன். பாரதியார் பெற்ற விடுதலை, தம்மைப் பின்னே நிறுத்தி நாயனாரது ஏக்கத்தை முன்னே நிறுத்தியதனால் வந்தது. தன்னை மறந்து பாடுவோனைச் சபை அச்சுறுத்தல் அரிது.

இனி நம் நிலையை நோக்குவாம். ஈழநாட்டுக் கோயில் திருவிழாக்களிலே நாதஸ்வர வித்துவான் ஒருவர் இராகமொன்றை எடுத்து விரிக்கத் தொடங்குமுன்னரே, திரைப்படப் பாட்டை வாசிக்கும்படி கேட்போர் நம்முள் இல்லையா? மறுப்பாராயின், அடுத்த ஆண்டு அவர்க்கு அழைப்பு வருமோ என்பது ஐயம். வீட்டிலே குழந்தைகளை உடைய அவர் என்செய்வார்? நாம் கேட்டதை வாசிக்கின்றார். பின்னர் நாமே, கலை குன்றிற்று என்று வருந்துகின்றோம்! குற்றம் எவருடையது?

இதனினும் கொடிது ஒன்றுண்டு. நம் புகழைப் பாடுவோனுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். நம் குறையைப் பாடுவோனை ஊர்ப்பகைவன் என்கின்றோம். நந்தனார் கதையைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்த நம் நாட்டிலே, 1968-ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே கோயிலினுட் புகுதற்கு ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. கேட்ட பாட்டு நம் செவியளவிலே நின்றுவிட்டதன்றோ? ஊரார் முகம் கோணாதபடி பாடும் பாட்டு இனிதாயிருக்கலாம், ஊரைத் திருத்தமாட்டாது.

ஆதலால், திருக்கோயில் அறங்காவலர்களும் சபைகளை நடத்துவோரும் ஒன்று செய்தல் வேண்டும். திருவிழாவின் ஒவ்வோர் இரவிலும் ஒரு நாழிகையேனும் வித்துவானது உள்ளத்துக்கே விட்டுவிடுக. முதலிற் கேட்க, பின்னர்க் குற்றமிருப்பிற் கூறுக. கூறுங்காலும் அவர் பிழைப்பிலே கைவையாதொழிக.

திருப்புன்கூரிலே, புறத்தே நின்ற நாயனார் இறைவனைக் காணும்பொருட்டு நந்திதேவர் சிறிது விலகியருளினார். அதனால் அவர் தம் காவலை இழந்தாரல்லர். இன்றும் அச்சந்நிதியிலே விலகிய நிலையிலேயே இருக்கின்றார். சமுதாயமும் அவ்வாறே காவலாய் இருக்கட்டும். கலைஞனது கண்ணுக்கும் இறைவனுக்கும் இடையிலே மாத்திரம் நில்லாதிருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.