மீன் ஹலால், மீறல் ஹராம்



கடலை நமக்கு வசப்படுத்தி, அதிலிருந்து புத்தம் புதிய உணவைத் தந்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

கடற்கரையில் வாழ்ந்த பனீ இஸ்ராயீல் கூட்டத்தார் சிலரைப் பற்றித் திருமறையின் 7வது அத்தியாயமாகிய அல்அஃராஃப் எடுத்துரைக்கிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கிடப்பட்ட கட்டளை. சோதனையாக, அந்நாளில்தான் மீன்கள் மேலே வந்து துள்ளின. மற்ற நாட்களில் வரவில்லை. அவர்கள் வெள்ளியன்றே வலை விரித்து, ஞாயிறன்று அள்ளிக்கொண்டார்கள் என விரிவுரையாளர்கள் கூறுவர். சனியன்று நாங்கள் கை நீட்டவில்லையே என்பது அவர்களது சாக்கு. அள்ளிய மீன் ஹலாலான மீன்தான். ஆனால் எல்லையை மீறியல்லவா அள்ளினார்கள்!

இதை ஓதும்போது சுமத்திராவின் வடமுனையிலுள்ள ஆச்சே மீனவர்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். அங்கே 'பங்லிமா லாவுத்' எனப்படும் கடல் தலைவரை மீனவர்களே தேர்ந்துகொள்கின்றனர். சுல்தான் இஸ்கந்தர் மூதா (1607–1636) காலந்தொட்டு வருவதாகச் சொல்லப்படும் இம்முறையை 2006ஆம் ஆண்டின் ஆச்சே ஆட்சிச் சட்டமும் ஏற்றுள்ளது. ஜும்ஆ நாளிலும், இரு பெருநாட்களிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை நினைவாக டிசம்பர் 26லும் கடலுக்குச் செல்வதில்லை என்பது அவர்களது கட்டுப்பாடு. வெடியும் நஞ்சும் விலக்கப்பட்டவை. மீறினால் பிடித்த மீன் பறிபோகும். சில நாட்கள் கடலுக்குப் போகவும் தடை.

ஜும்ஆ தொழுகைக்குப் பின் சம்பாத்தியம் தேட மார்க்கம் அனுமதிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊர் கூடிச் செய்த ஒப்பந்தத்தைக் காப்பதும் மார்க்கம் ஏவியதே. கடல் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. நாளைப் பிறக்கும் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு.

பனீ இஸ்ராயீல் ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தனர்: மீறியவர்கள், தடுத்துரைத்தவர்கள், 'இவர்களுக்கு உபதேசித்து என்ன பயன்?' என்று இருந்தவர்கள். தீமையைத் தடுத்தவர்களைக் காப்பாற்றியதாக அல்லாஹ் தெளிவாகவே கூறுகிறான். வாய்மூடியிருந்தோரின் முடிவைப் பற்றி மார்க்க மேதைகளிடையே இரு கருத்துகள் உள்ளன. அந்தச் சந்தேகமான இடத்தில் நிற்க நாம் விரும்புவோமா?

வலை வீசாத நமக்கும் இதில் பங்குண்டு. வெடி வைத்துப் பிடித்த மீன் என்று தெரிந்தும், விலை மலிவென்று வாங்கிக் குழம்பு வைத்தால், அந்த மீறலுக்கு நாமும் கை கொடுத்தவர்களாவோம். 'இது வேண்டாம்' என்று வாசலில் சொல்லும் ஒரு சொல்லும் தீமையைத் தடுப்பதே.

யா அல்லாஹ்! எங்கள் உணவையும், அது வரும் வழியையும் தூய்மையாக்குவாயாக! ஆமீன்.